வாயில்லா உயிரும் வாழ்க்கை ஒழுங்கும்

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் பெயர் இரண்டு அதிகாரங்களுக்கு அமைந்திருக்கிறது. பொருட்பாலில் 71ஆம் அதிகாரமும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. முன்னது, அரசனை அடுத்து வாழ்வோர் அவன் உள்ளக் கருத்தை முகத்தாலும் கண்ணாலும் அறிந்துகொள்ளும் திறத்தைப் பேசுகிறது. பின்னது, காதலர் ஒருவர் மற்றவரின் நோக்கை உணர்ந்துகொள்ளும் நுட்பத்தைப் பேசுகிறது. வாய் இருந்தும் மனிதர் தம் மனத்தை வாயால் முழுதும் சொல்லிவிடுவதில்லை. ஆதலின் குறிப்பை அறிவது ஒரு கல்வியாகவே நம் முன்னோரால் மதிக்கப்பட்டது.

அங்ஙனமாயின், பேசும் வாயே இல்லாத உயிர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வோர்க்கு இக்கல்வி எத்துணை இன்றியமையாதது! நாயும் பூனையும் கிளியும் வளர்ப்போர் நம்மிடையே பலர். 'இன்று அதற்கு மனம் சரியில்லை', 'காரணமில்லாமல் கோபித்துக்கொள்கிறது', 'அதன் குணமே அப்படித்தான்' என்று அவர்கள் சொல்லக் கேட்கிறோம். இவற்றுள் 'காரணமில்லாமல்' என்னும் சொல்லை நாம் ஐயுறவேண்டும். காரணம் உண்டு. பல வேளைகளில் அது அவ்வுயிரின் குணத்தில் இல்லை. அதன் உடலில் இருக்கிறது, அல்லது நம் வீட்டின் நாள்முறையில் இருக்கிறது. எங்கள் இல்லத்தில் வாழும் பூனை ஒன்றைக் கொண்டு இதனைச் சிறிது விளக்க விழைகிறோம்.

தானே வந்த விருந்து

பூனை மனிதனோடு சேர்ந்த வரலாறே சற்று வேறுபட்டது. மாட்டையும் ஆட்டையும் மனிதன் பிடித்துப் பழக்கினான். பூனையோ தானே வந்தது. மேற்காசியாவில் உழவுத்தொழில் தோன்றித் தானியம் சேமிக்கத் தொடங்கியபோது எலிகள் பெருகின. எலிகளைத் தேடிக் காட்டுப்பூனைகள் ஊர்களை அணுகின. அவற்றால் மனிதனுக்கு நன்மை. மனிதனால் அவற்றுக்கு இரை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை ஒன்றில் மனிதருக்கு அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்தமையை 2004ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அத்துணைப் பழைய உறவு இது.

தமிழுக்கும் இவ்வுயிர் அயலானதன்று. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயரை உரிமையாக்குகிறது. கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிவிடத் துணிந்த பூசையோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரே பூனைக்குட்டியின் தந்தை எனப் பொருள்படுவது. பூனை ஒன்றைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாத பெண்ணுக்கு நேர்ந்த தண்டனையைப்பற்றிய நபிமொழியை நம் வீடுகளில் சிறுவரும் அறிவர்.

எங்கள் வீட்டுக்கு வந்த பூனையும் அழைக்காமல் வந்ததே. 2020ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கொல்லைப்புறத்து விறகுக் கொட்டிலில் தனியே கிடந்த வெண்ணிறக் குட்டி அது. பஞ்சு என்று பெயரிட்டோம். உம்மாவே அதற்கு உணவிடுவார். வாப்பா அதனை மடியில் ஏற்றமாட்டார். ஆயினும் அவருடைய சாய்வு நாற்காலியின்கீழ்தான் அது உறங்கும். கல்லூரியில் பயிலும் தம்பிக்கு அது விளையாட்டுத் தோழன்.

பூனையின் மெய்ப்பாடுகள்

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்றனர் நம் இலக்கணத்தார். பூனைக்கும் அச்சம் உண்டு, வெகுளி உண்டு, உவகை உண்டு. அவை தோன்றும் இடங்களே வேறு. வாலை நேராக உயர்த்திக்கொண்டு நம்மை நோக்கி வருமாயின் அது நட்பு. வாலைப் பக்கவாட்டில் விசிறி அடிக்குமாயின் 'என்னை விட்டுவிடு' என்பது பொருள். நாய் வாலாட்டுவதைக் கண்டு பழகியோர் இதனையும் மகிழ்ச்சி என்று கொண்டு கையை நீட்டுவர், கீறலைப் பெறுவர். காதுகள் பக்கவாட்டில் மடிந்து தலையோடு ஒட்டுமாயின் அச்சமோ சினமோ முற்றியிருக்கிறது. கண்ணின் பாவை விரிவது இருளாலும் ஆகலாம், அச்சத்தாலும் ஆகலாம், இடமறிந்து பொருள்கொள்ளவேண்டும்.

கன்னத்தையும் காதின் அடிப்பக்கத்தையும் தடவினால் பெரும்பாலான பூனைகள் விரும்பும். வயிற்றையும் வாலின் அடியையும் தொட்டால் பல பூனைகள் பொறுப்பதில்லை. மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளமேயன்றித் தொடுவதற்கான அழைப்பு அன்று. மெல்லக் கண்ணை மூடித் திறப்பதும் ஒரு குறிப்பே. உரிமையாளர் தம் பூனையை நோக்கி மெதுவாகக் கண்ணிமைத்தால் பூனையும் அவ்வாறே கண்ணைச் சுருக்கி மறுமொழி தருகிறது என்பதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020ஆம் ஆண்டு ஆய்ந்து வெளியிட்டனர். குறிப்பறிதல் அதிகாரத்தின் கண்ணொடு கண் நோக்கு நமக்கு நினைவுக்கு வருகிறதன்றோ?

இங்கே ஒன்றைச் சிறப்பாகக் கருதவேண்டும். பூனை தன் நோவை மறைக்கும் இயல்புடையது. காட்டில் தனியே வாழ்ந்து இரை தேடிய உயிர் தன் தளர்ச்சியை வெளிக்காட்டினால் பகைக்கு இரையாகும். அந்தப் பழைய இயல்பு வீட்டுப் பூனையிடமும் உள்ளது. 'குர்குர்' என்னும் அதன் தொண்டை ஒலியை இன்பத்தின் ஒலி என்றே பலரும் எண்ணுவர். வலியுற்ற வேளையிலும் பூனை அவ்வொலியை எழுப்புவதுண்டு. ஆகவே ஒரு குறிப்பை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. நாள்தோறும் அது எப்படி இருக்கிறது என்று அறிந்தவர்க்கே, இன்று அது மாறியிருக்கிறது என்பது புலப்படும்.

சினமா, நோயா?

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எங்கள் இல்லத்தில் தங்கையின் திருமணம் நடைபெற்றது. பத்து நாட்கள் வீடு நிறைய உறவினர். கூடத்தின் பொருள்கள் இடம் மாறின. வாப்பாவின் நாற்காலி மாடிக்குச் சென்றது. அடுப்படி பந்தலுக்குப் பெயர்ந்தது. இரவு ஒரு மணிக்கும் விளக்கு எரிந்தது. பஞ்சு முதலில் அலமாரியின் மேல் ஏறிக்கொண்டது. பிறகு கட்டிலின்கீழ் ஒடுங்கியது. அருகே சென்ற சிறுவர்களைச் சீறியது. 'பூனைக்குக் கோபம், புது மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை' என்று உறவினர் நகைத்தனர்.

திருமணத்துக்கு மறுநாள் உம்மா ஒன்றைக் கவனித்தார். பஞ்சு மணல் தட்டுக்குச் சென்று குந்தியது; எழுந்தது; சிறிது நேரத்தில் மீண்டும் சென்றது. காலைப்பொழுதுக்குள் நான்கு முறை சென்றும் மணல் நனையவில்லை. அடிவயிற்றைத் திரும்பத் திரும்ப நக்கிக்கொண்டது. அத்தனை வேலைக்கும் நடுவே உம்மா எங்களை அழைத்து, "இது கோபமில்லை வாப்பா, இதுக்கு ஒண்ணுக்குப் போகல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார்.

கால்நடை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீர்ப்பை கல்லைப்போல் இறுகியிருந்தது. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது; அழற்சியாலோ படிவுகளாலோ அது அடைபட்டுவிடும். அடைப்பு நீங்காவிடில் சிறுநீரகம் கெடும். இரத்தத்தில் பொட்டாசியம் மிகும். இதயத் துடிப்பு குலையும். இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிரே போய்விடும். மருத்துவர் மயக்கமருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கினார். இரண்டு நாள் குழாயோடு இருந்து, நரம்பின் வழியே திரவம் ஏற்றப்பெற்று, பஞ்சு பிழைத்தது.

"இன்னும் ஒருநாள் சென்றிருந்தால் கடினம்" என்றார் மருத்துவர். பின் அவர் கேட்ட கேள்வி எங்களை வியக்கவைத்தது. "வீட்டிலே சமீபத்தில் என்னென்ன மாறிச்சு?" என்பதே அது. உணவு என்ன கொடுத்தீர்கள் என்பதை அதன் பிறகே கேட்டார்.

மாற்றமும் உடலும்

அக்கேள்விக்கு அறிவியல் அடிப்படை உண்டு. அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 32 பூனைகளை 77 வாரங்கள் தொடர்ந்து கவனித்து, 2011ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 20 பூனைகள் சிறுநீர்ப்பை அழற்சி உள்ளவை. 12 பூனைகள் நலமானவை. அனைத்துக்கும் ஒரே நேரத்தில் உணவும், ஒரே முறையில் பராமரிப்பும், விளையாட்டும் அளிக்கப்பட்டன. உணவு நேரம் தவறுதல், பராமரிப்பவர் மாறுதல் போன்ற வழக்கமல்லாத நிகழ்ச்சிகள் நேர்ந்த வாரங்களில் பூனைகள் வாந்தியெடுத்தன, உணவை மறுத்தன, மணல் தட்டுக்கு வெளியே கழித்தன. நோயுள்ள பூனைகளைப் போலவே நலமான பூனைகளும் இவ்வாறு நடந்துகொண்டன என்பதே நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.

நமக்குச் சிறிதாகத் தோன்றும் மாற்றம் பூனைக்குப் பெரிது. நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். பூனையின் செவியோ 60,000 அதிர்வுகளுக்கு மேலும் கேட்கவல்லது. நம்மினும் பன்மடங்கு கூரிய மோப்பமும் அதற்குண்டு. நாற்காலி இடம்பெயர்ந்தது நமக்கு ஒரு வசதி. அதற்கோ, தன் மணம் படிந்த எல்லைக்கல் காணாமற்போய்விட்டது. தெனாலிராமன் கதையில் சூடான பாலில் வாயை வைத்த பூனை, பிறகு பாலைக் கண்டாலே ஓடியது. கதை நகைச்சுவைக்காகச் சொல்லப்பட்டதாயினும் பூனையின் நினைவாற்றலை அது சரியாகவே காட்டுகிறது. பாலைப்பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். தூய நீரே அதற்கு ஏற்றது.

ஒழுங்கு இருவழிப் பாதை

மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் மருந்துக்குக் கீழே ஐந்து செய்திகள் இருந்தன. ஒரே நேரத்தில் உணவு. ஈரப்பதம் மிக்க உணவு. வீட்டில் இரண்டு இடங்களில் நீர். நாள்தோறும் தூய்மை செய்யப்படும் மணல் தட்டு. உறங்கும் முன் பத்து நிமிட விளையாட்டு. படிக்க எளியவை. நாள்தோறும் கடைப்பிடிப்பதே அரியது. எழுதிய தாள் எதையும் மாற்றிவிடுவதில்லை என்பதைத் தேர்வுக் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிய மாணவர் எவரும் அறிவர்.

இங்கேதான் பழக்கத்தின் இயல்பை நாம் அறியவேண்டும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தேர்ந்து, அதனை நாள்தோறும் ஏற்கெனவே நடைபெறும் ஒன்றோடு இணைத்துச் செய்தனர். காலை உணவுக்குப் பின் ஒரு குவளை நீர் பருகுவது போன்றவை அவை. அச்செயல் எண்ணாமலே நிகழும் பழக்கமாக மாறுவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலர்க்கு 18 நாட்களே போதுமாயின. சிலர்க்கோ 254 நாட்கள் வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையே ஒருநாள் தவறினால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அதில் கண்ட ஆறுதலான உண்மை.

இவ்வாய்விலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, புதிய பழக்கத்தைத் தனியே நடாமல் பழைய பழக்கத்தோடு ஒட்டி நடவேண்டும். முல்லைக்கொடிக்கு ஒரு கொழுகொம்பு வேண்டுமல்லவா? இரண்டாவது, செயல் சிறிதாக இருக்கவேண்டும். சிறிதேயாயினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே இறைவனுக்கு உவப்பானது என்னும் நபிமொழியின் நடைமுறை நுட்பத்தை இங்கே உணர்கிறோம்.

எங்கள் வீட்டில் மாறாத கொழுகொம்பு ஐவேளைத் தொழுகையே. ஆகவே சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பஞ்சுவுக்குக் காலை உணவு என்றும், மஃரிப் தொழுகை முடிந்ததும் மாலை உணவு என்றும் அமைத்தோம். இரவு பத்து மணிக்கு, கதவைத் தாழிட்டவுடன் விளையாட்டு. மணல் தட்டைத் தூய்மை செய்வது தம்பியின் பொறுப்பு; காலையில் பல் துலக்கியவுடன் அதனைச் செய்வான்.

ஓரிரு மாதங்களில் பூனை அமைதியுற்றது. சீறுவது நின்றது, கட்டிலின்கீழ் ஒடுங்குவது நின்றது. அதனினும் எங்களுக்கு வியப்பளித்தது வீட்டில் நேர்ந்த மாற்றம். வாப்பாவுக்கு வயது 78. சர்க்கரை நோய்க்கான மாலை மாத்திரையை அவர் மறந்துவிடுவதுண்டு. கேட்டால் போட்டுக்கொண்டதாகவே எண்ணிச் சொல்வார். முதுமையில் இது இயல்பே, ஆயினும் அஞ்சத்தக்கது. மாத்திரைப் பெட்டியைப் பூனையின் உணவு டப்பாவுக்கு அருகில் வைத்தார் உம்மா. மஃரிப் முடிந்ததும் பஞ்சு வாலை உயர்த்திக்கொண்டு வாப்பாவின் காலைச் சுற்றும். உணவளிக்கும் பொறுப்பை அவரே விரும்பி ஏற்றார். டப்பாவை எடுக்கும் கை பெட்டியையும் எடுக்கும். நாங்கள் நினைவூட்டினால் 'எனக்குத் தெரியாதா?' என்று வருந்தும் முதியவர்க்கு, பூனை நினைவூட்டுவதில் வருத்தம் எதுவும் இல்லை. அதன் அழைப்பில் குற்றச்சாட்டு இல்லையன்றோ?

தம்பியின் கதையும் இத்தகையதே. கைப்பேசியோடு இரவு ஒரு மணி வரை விழித்திருந்தவன், பத்து மணி விளையாட்டுக்காகக் கைப்பேசியைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு வரவேண்டியதாயிற்று. இரு கையும் வேண்டும் விளையாட்டு அது. குச்சியின் முனையில் இறகைக் கட்டி ஓடவைப்பது. விளையாடி, சிறிது உண்டு, தன்னை நக்கித் தூய்மை செய்துகொண்டு உறங்குவது பூனையின் இயல்பான வரிசை. அதன் உறக்கத்தோடு தம்பியின் உறக்கமும் வரலாயிற்று. அந்தப் பருவத்தில் அவன் முதல் வகுப்புக்கு நேரத்தோடு சென்றதை அவனுடைய வருகைப் பதிவேடு சொல்லும்.

நோன்பு மாதத்தில் ஒரு சோதனை

2023ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ரமளான் வந்தது. வீட்டின் நேரமெல்லாம் மாறும் மாதம். சஹர் உணவுக்காக நான்கு மணிக்கே அடுப்பு எரியும். தராவீஹ் தொழுது திரும்ப இரவு நெடுநேரமாகும். திருமணத்தின்போது நேர்ந்தது மீண்டும் நேருமோ என்று உம்மா அஞ்சினார். மருத்துவரைக் கேட்டோம். மாற்றத்தைத் தவிர்க்க இயலாவிடில் அதனைப் படிப்படியாக்குங்கள் என்றார்.

அதன்படி, நோன்பு தொடங்குவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்பிருந்தே பஞ்சுவின் காலை உணவை நாளொன்றுக்குப் பத்து நிமிடம் முன்னதாக்கினோம். ஐந்தரை மணி உணவு, பிறை தெரியும் முன் நான்கு மணி உணவாயிற்று. மாலை உணவு மஃரிபோடு அமைந்திருந்தமையால் அதில் மாற்றம் இல்லை. வாப்பாவின் நாற்காலியை அந்த மாதம் முழுவதும் எவரும் நகர்த்தவில்லை. முப்பது நாட்களும் பூனை இயல்பாகவே இருந்தது. பெருநாளுக்குப் பின் அதே முறையில் பத்துப் பத்து நிமிடமாக மீண்டும் பழைய நேரத்துக்குத் திரும்பினோம்.

பூனைக்காகச் செய்த இந்த ஏற்பாட்டால் எங்கள் உடலும் பயன்பெற்றது. ஒன்பது நாட்களும் உணவிட எழுந்தவர்கள் மெல்ல மெல்ல முன்னதாகவே விழிக்கப் பழகினர். முதல் நோன்பின் தலைவலியும் தூக்கச் சடைவும் அந்த ஆண்டு குறைந்திருந்தன. உறக்கமும் பசியும் நேரத்தை ஒட்டி இயங்குவன; அவற்றை ஒரே நாளில் இழுத்து மாற்றுவதினும் சிறுகச் சிறுக நகர்த்துவது உடலுக்கு இணக்கமானது.

மாணவர்க்குச் சில சொற்கள்

அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டு வெளியிட்ட தம் உளவியல் நூலில் பழக்கத்துக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். நரம்பு மண்டலத்தைப் பகையாக்கிக்கொள்ளாமல் நட்பாக்கிக்கொள்வதே கல்வியின் பெரும்பணி என்பது அவர் கருத்து. வள்ளுவரோ ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஊக்கம் உள்ளத்தில் தோன்றுவது. மடி அதனைத் தடுப்பது. தடையை நீக்கி நாள்தோறும் முயல்வதே ஆள்வினை. ஊக்கம் மட்டும் போதுமென்றால் ஓர் அதிகாரத்தோடு அவர் நிறுத்தியிருப்பார்.

மாணவச் செல்வங்கள் ஓர் உயிரை வளர்க்க விரும்பினால் முதலில் தம் நாளை நோக்கவேண்டும். எந்த நேரத்தில் எழுகிறோம்? எந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறோம்? நாம் ஊருக்குச் சென்றால் யார் உணவிடுவார்? இவற்றுக்கு விடை கூறியபின் குட்டியைக் கொணர்வதே முறை. ஏற்கெனவே வளர்ப்போர், அது முகம் திருப்பிக்கொண்ட நாளில் இரண்டு வினாக்களை எழுப்பட்டும். அதன் உடலில் நோவு உண்டா என்பது முதல் வினா. உண்ணாமை, ஒளிந்துகொள்ளுதல், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் செல்வதில் பொழுது தாழ்த்தலாகாது. ஆண் பூனை சிறுநீர் கழிக்காத நாள் காத்திருக்கத்தக்க நாளன்று. வீட்டில் என்ன மாறிற்று என்பது இரண்டாவது வினா.

இவ்விரண்டு வினாக்களும் மனிதர்க்கும் பொருந்தும். வீட்டில் முதியவர் ஒருவர் சில நாட்களாகச் சிடுசிடுக்கிறார். விடுதியில் தோழன் ஒருவன் பேச மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். 'அவர் குணமே அப்படித்தான்' என்று நாம் கடந்துவிடுகிறோம். அவர்க்கு வலி ஏதும் உண்டா, அவர் வாழ்வில் என்ன மாறிற்று என்று கேட்போமாயின் பல சினங்கள் துயரங்களாகத் தெரியவரும். திருமண வீட்டின் ஆரவாரத்துக்கு நடுவே நனையாத மணலைக் கண்ட ஒரு தாயின் கண், அந்தக் கேள்வியைக் கேட்ட கண்ணே.

குறிப்பறியும் கண்ணையும், ஒழுங்கு தவறாத நாளையும் இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!